புதுப்பிப்பு: இடது முன் காலிப்பருக்கு சீல் கிட் போட்டாச்சு

காரைக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே இடது முன் சக்கரம் கொதிக்கிறது, காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரையே மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். மாற்றவில்லை, பிரித்துவிட்டேன்.

காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் தாராளமாகவே ஓடின. பேடைத் தள்ளும் பிஸ்டனைக் கம்ப்ரஸர் காற்றால் வெளியே தள்ளினோம், எதிரே மரக்கட்டை வைத்துத்தான். விரல் இருந்தால் நசுங்கிவிடும். பிஸ்டனும் பளபளவென்றுதான் இருந்தது. வில்லங்கம் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான சீல் உட்காரும் பள்ளத்தில். அடியில் துரு கட்டி, சீலை வெளியே பிதுக்கியிருந்தது. பிரேக் மிதிக்கும்போது இந்தச் சதுர சீல் பிஸ்டனோடு வளையும்; விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். பிதுங்கிய சீல் பிஸ்டனை இறுக்கிக் கவ்விக்கொண்டிருந்தால் எங்கே இழுப்பது?

பள்ளத்தைப் பித்தளைக் கம்பியால் பொறுமையாகச் சுரண்டி, புது சீலை பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டேன். சாதாரண கிரீஸ் தொடவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். அப்புறம் ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர், புது டாட் 4 பிரேக் ஆயில், குழாயில் சிக்கிய ஏர் எடுத்தல் எல்லாம் வழக்கம்போல.

இப்போது ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றினால் சக்கரம் லேசாகச் சுற்றுகிறது. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடுதான். வலது பக்கமும் அதே வயசுதான், அடுத்து அதைப் பிரிக்கப் போகிறேன்.