ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. தோள் எழுத்து, கிரீடம் போட்ட பேட்ஜ், காக்கி சட்டை: எல்லாம் ஒரே காலமா?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை):
வணக்கம். ஒரு பழைய சாமான் கடையில் நாலு பொருள் ஒரே லாட்டாகக் கிடைத்தது. எல்லாமே இரண்டாம் உலகப் போரில் இருந்த ஒரே சிப்பாயுடையது என்கிறார் விற்றவர்.

தோளில் குத்தும் பித்தளை எழுத்து ஒரு ஜோடி, ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.’ என்று ஆங்கிலத்தில் (ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், ராணுவத்தின் உணவு, போக்குவரத்துப் பிரிவு). அதே படைப்பிரிவின் பெயர் போட்ட தொப்பி பேட்ஜ், மேலே கிரீடம். 36 மி.மீ. விட்டத்தில் ஒரு மெடல், ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் இரட்டைத் தலைப் பிராணி மேல் நிற்கும் சிங்கம், விளிம்பில் எண்ணும் பெயரும். கடைசியாக, தோளில் மூன்று நட்சத்திரம் வைத்த காக்கி சட்டை.

பித்தளையில் களிம்பு ஏறியிருக்கு. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில் 1 (ராயபுரம்):
புளி வேண்டவே வேண்டாம் சார். எலுமிச்சை, பிராஸோ எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி. பேட்ஜில் அந்த அமிலம் மேல்படலத்தை எடுத்துவிடும், காலம் சொல்வதே அந்தப் படலம்தான். காய்ச்சி வடித்த தண்ணீர், மெத்தென்ற பல்துலக்கும் பிரஷ், பிறகு முழுசாக உலர்த்துவது, அவ்வளவு போதும். கெட்டியான கரும்பச்சையை விட்டுவிடுங்க. தொட்டால் மாவு மாதிரி உதிரும் வெளிர்பச்சைதான் ஆபத்து. அது உப்பால் வருவது, கடற்கரைப் பக்கம் வேகமாகப் பரவும்.

காலத்துக்கு முதலில் அந்த ‘ஆர்’ எழுத்தைப் பாருங்க. அது ‘ராயல்’. சர்வீஸ் கோர் அந்தப் பட்டம் பெற்றது 1935. குடியரசான 1950 ஜனவரி 26-ல் எல்லாப் படைக்கும் அது போச்சு. ஆக உங்க ஜோடி 1935–1950. இதே கணக்கில் கடற்படைக்கு 1934, விமானப்படைக்கு 1945, எஞ்சினியர் பிரிவுக்கு 1946 தொடக்கம்.

பதில் 2 (பெரம்பூர்):
பேட்ஜின் பின்பக்கம் எப்படி? முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாகத் தெரிந்தால் அச்சு அடித்தது. பின்பக்கம் தட்டையாக, மணல் புள்ளி மாதிரி சொரசொரப்பாக இருந்தால் வார்ப்பு. வார்ப்பு என்றால் போலி, விட்டுடுங்க.

பதில் 3 (ராயபுரம்):
பெரம்பூர் அண்ணா, இந்தியப் பேட்ஜுக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது. போர்க்காலத்தில் பேட்ஜ் போதாமல் இங்கேயே உள்ளூர்ப் பட்டறைகளில் மணல் வார்ப்பில் நிறைய ஊற்றினார்கள். அதெல்லாம் அசல்தான். வார்ப்பு என்பதற்காகத் தள்ளக்கூடாது, அச்சு என்பதற்காக நம்பவும் கூடாது. பின்னால் லண்டன், பர்மிங்காம் கம்பெனி முத்திரை இருந்தாலும் அப்படித்தான். பழைய அச்சிலேயே பிற்காலத்தில் மறுபடி அடித்தவை சந்தையில் ஏராளம்.

கேட்டவரே, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. கிரீடத்தின் வளைவுகள் உச்சி உருண்டைக்குக் கீழே மேடாகக் கூடுதா, பள்ளமாக இறங்குதா? பின்பக்கக் காதுகளை, அதாவது துணியில் மாட்டும் வளையங்களை, சுற்றி ஈயப்பற்று என்ன நிறம்?

கேட்டவர்:
பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் நல்லாவே பள்ளம். பற்று வெள்ளி மாதிரி பளிச்சென்று இருக்கு, சுற்றிலும் களிம்பே இல்லை. தோள் எழுத்தில் பற்று மங்கி, காதின் அடி வரைக்கும் பச்சை ஏறியிருக்கு.

பதில் 4 (ராயபுரம்):
அப்போ பேட்ஜ் பிற்காலத்து நகல். மேடான கிரீடம் 1902 முதல் 1952 வரை இருந்த ராஜாக்களுடையது. பள்ளக் கிரீடம் அதற்கு முன்னால் விக்டோரியா காலம், பின்னால் எலிசபெத் காலம். 1935–50 படைப்பிரிவின் பெயருக்கு மேல் அது வர வழியே இல்லை. எலிசபெத் பட்டத்துக்கு வந்தபோது இங்கே பேட்ஜ்களில் அசோகச் சிங்கம் ஏறியாச்சு. களிம்பே இல்லாத பளிச்சென்ற பற்றும் புதுசு என்றுதான் காட்டுது. பேட்ஜின் பழசு போன்ற நிறமும் பூசியதாக இருக்கலாம். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒரு மூலையில் துடைத்தால் பூச்சு பஞ்சில் வந்துவிடும், இயற்கைக் களிம்பு வராது.

தோள் எழுத்து ஜோடி அசலாகவே தெரியுது. தனியாக எடுத்து வையுங்க.

மெடல் 1939–45 வார் மெடல். பிரிட்டனில் கொடுத்ததில் பெயர் இருக்காது, இந்தியப் படைக்குப் பொறித்துத்தான் கொடுத்தார்கள். பெயரை அரம் போட்டு அழித்து வேறு பெயர் வெட்டுவதும் உண்டு. வெர்னியர் அளவுகோலில் விட்டத்தை நாலு திசையில் அளந்து பாருங்க, அழித்திருந்தால் ஒரு பக்கம் குறையும். விளிம்பில் படைப்பிரிவு என்னன்னும் படிங்க. வேறு பிரிவு என்றால் ‘ஒரே சிப்பாய்’ கதை அங்கேயே முடிந்தது.

பதில் 5 (தண்டையார்பேட்டை):
சட்டையை யாரும் தொடலையே. நட்சத்திரம் ஐந்து முனையா? 1950-க்கு முன் ராணுவ அதிகாரி வைத்தது நாலு முனை நட்சத்திரம், நடுவில் வட்டத்துக்குள் மூன்று கிரீடம் இருக்கும். ஐந்து முனை அதற்கப்புறம். சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவம் ஆலிவ் பச்சைக்கு மாறிவிட்டதால், காக்கியும் ஐந்து முனையும் சேர்ந்தால் பெரும்பாலும் போலீஸ். நட்சத்திரத்துக்குக் கீழே சிவப்பும் நீலமுமாக ரிப்பன் துணுக்கு ஒட்டியிருந்தால் இன்ஸ்பெக்டர் சட்டை.

தோள்பட்டித் துளைகளின் இடைவெளியையும் தோள் எழுத்தின் காது இடைவெளியையும் அளந்து ஒப்பிடுங்க. தையல் நூலில் ஒரு இழை எடுத்துக் கொளுத்துங்க. பருத்தி சாம்பலாகும். உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர், போர்க்காலத் தையல் இல்லை.

கேட்டவர்:
ஐந்து முனைதான், கீழே சிவப்பு-நீல ரிப்பன். துளை இடைவெளி 28 மி.மீ., காது இடைவெளி 41. மெடல் நாலு திசையிலும் 36 சரியாக இருக்கு, விளிம்பில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. தெளிவாகப் படிக்க முடியுது.

பதில் 6 (ராயபுரம்):
ரொம்ப நல்லது. சட்டை போலீஸ் இன்ஸ்பெக்டருடையது, துளை இடைவெளி பொருந்தாததால் தோள் எழுத்தும் அதில் மாட்டியது இல்லை. மெடலும் தோள் எழுத்தும் ஒரே பிரிவு, ஆனால் அதே ஆளுடையது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இரண்டையும் தனித்தனியாக அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் வையுங்க. பி.வி.சி. உறையில் போடாதீங்க, அதுவே பச்சையைக் கிளப்பும். விளிம்பு எழுத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து, எந்த இடத்தில் எந்த எழுத்து என்று இன்றைக்கே எழுதி வைத்துடுங்க.