மஜ்ஜை மாற்றுக்கு அப்புறம் கண்: உங்களுக்கு என்ன ஆச்சு?

ஈசூன்வாசி
லுக்கீமியா, ரத்தப் புற்றுநோய். தம்பிதான் ஸ்டெம் செல் கொடுத்தான், எச்எல்ஏ, அதான் திசு வகை, முழுப் பொருத்தம். ஜிவிஎச்டி, அதான் கொடுத்தவங்க செல் நம்ம உடம்பையே தாக்குறது, இங்க யாருக்கும் புதுசில்லை. தோல், குடல் தப்பிச்சுது. எட்டாம் மாசம் கண்ணைப் பிடிச்சுது. காலையில இமை ஒட்டிக்கும், பிரிச்சா உள்ளே மணல். எம்ஆர்டி ரயில் ஏர்கான்ல கண்ணை மூடிக்கிட்டேதான் போவேன்.

தம்பி கல்யாணம், சிராங்கூன் ரோட்டுக் கோயில்ல. ஹோமப் புகையில எல்லாரும் கண்ணைத் துடைக்கிறாங்க. எனக்கு எரியுது, ஒரு சொட்டு வரலை. அத்தை, "உசுரு கொடுத்தவன் தாலி கட்டுறான், இவனுக்குக் கண்ணு கலங்குதா பாரு"ன்னாங்க. அதைக்கூட விடுங்க. முந்தின வாரம் ஆஸ்பத்திரியில, கண்ணீர் எவ்வளவு சுரக்குதுன்னு பார்க்க, கீழ் இமையில காகிதத் துண்டு மாட்டி அஞ்சு நிமிஷம் வச்சாங்க. நனைஞ்சது வெறும் 2 மில்லிமீட்டர். கூட வந்த தம்பி மெதுவா, "அண்ணே, என் செல்தான் இதைப் பண்ணுதா?"ன்னு கேட்டான். அதுதான் இன்னும் குடையுது.

தெம்பனிஸ் மாமா
எனக்கும் மாற்று நடந்துச்சு, மைலோமா, அதுவும் ஒரு ரத்தப் புற்றுநோய்தான். கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. சும்மா புதுசா வர்றவங்களைப் பயமுறுத்தாதீங்க. விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் படுங்க, சரியாயிடும்.

தோபாயோ செல்வி
மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குப் போட்டது உங்க சொந்த செல். அது உங்க கண்ணீர்ச் சுரப்பியை அந்நியம்னு நினைச்சு ஏன் தாக்கப்போகுது? அடுத்தவங்க செல் வாங்கினவங்க கதை வேற. கிச்சன் எண்ணெயைத் தயவுசெஞ்சு கண்ணுல விடாதீங்க.

என் கதை சின்னது: உடம்பு முழுக்க ரேடியேஷன், அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை, 34 வயசுல ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணியாச்சு.

ஈசூன் அண்ணே, கேட்காமலே சொல்றேன். ப்ரிசர்வேட்டிவ் இல்லாத குட்டி ட்யூப் ட்ராப்ஸ்தான் வாங்குங்க, ஒரு நாளைக்கு இத்தனை தடவை ஊத்துறவங்களுக்கு மத்தது கருவிழியை அரிக்கும். கண்ணீர் வடியுற துளையை அடைக்கச் சின்ன ப்ளக் இருக்கு, கேளுங்க. ஸ்க்லீரல் லென்ஸும் இருக்கு, வெள்ளை விழி வரைக்கும் மூடுற பெரிய கான்டாக்ட் லென்ஸ்: உள்ளே சலைன் நிரப்பிப் போடணும், கருவிழி அந்தத் தண்ணியிலயே நனைஞ்சு கிடக்கும். ஸ்டீராய்டு ட்ராப்ஸை நீங்களா நீட்டிக்காதீங்க, கண் அழுத்தம் ஏறும். திடீர்னு பார்வை மங்கினாலோ, கரும்புள்ளி மிதந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே போங்க. தாளிக்கிறப்ப நீச்சல் கண்ணாடி போட்டுக்குங்க. என் வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

உட்லண்ட்ஸ் 7
என் ரத்தத்துலயே சீரம் பிரிச்சு ட்ராப்ஸ் பண்ணிக் கொடுத்தாங்க. ஃப்ரீசர்ல மீன் பக்கத்துல வச்சிருக்கேன். மாமியார் அந்தக் கதவையே திறக்கிறதில்லை.

ஈசூன் அண்ணே, தம்பிக்கு என்ன பதில் சொன்னீங்க?

ஈசூன்வாசி
ட்ராப்ஸ் தீர்ந்துபோச்சுன்னேன். கீழே ஃபார்மசிக்கு ஓடிப்போய் மூணு பெட்டி வாங்கிட்டு வந்தான்.