லேபிள் இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்: எதுக்கு ஆகும்?

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் சிம் லிம் டவர்ல பழைய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் (வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல வர்றது) ரெண்டு கிடைச்சது, லேபிள் இல்லை. ஒரு பக்கம் நீலம், சிவப்பு, பழுப்பு ஒயர். மறுபக்கம் பச்சை, கறுப்பு. இஎல்84 ஆடியோ பவர் வால்வு ஒண்ணே ஒண்ணு வச்சு ஆம்ப்ளிஃபயர் கட்டலாமா?

பதில் 1: தம்பி, அந்த நிறங்களைப் பார்த்தா புஷ்-புல் (ரெண்டு வால்வு எதிரெதிரா வேலை செய்யிற அமைப்பு) மாதிரி இருக்கு, சிவப்புதான் நடு டேப், அதாவது சுருளோட நடுவுல இருந்து வர்ற ஒயர். மீட்டர்ல ஓம் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அது செம்புக்கம்பியோட மின்தடை மட்டும்தான். 6.3 வோல்ட் ஏசியை நீலத்துக்கும் பழுப்புக்கும் கொடுத்து, பச்சை-கறுப்புல அளங்க. 0.2 வோல்ட் வந்தா விகிதம் 31.5. அதை வர்க்கமாக்கி, 8 ஓம் ஸ்பீக்கரால பெருக்குங்க: வால்வு பக்கம் தெரியுற லோடு கிட்டத்தட்ட 7,900 ஓம். இஎல்84 ஜோடிக்கு அருமையான லோடு! ஒத்தை வால்வுக்கு வேண்டவே வேண்டாம். அதுல டிசி ஒரே திசையில ஓடும். காற்று இடைவெளி இல்லாத இரும்புக் கோர் காந்தப்புலத்தால நிறைஞ்சு போய், பாஸ் செத்துடும்.

பதில் 2: செகண்டரில (பச்சை-கறுப்பு பக்கம்) சுவர் கரண்டைக் கொடுத்துடாதீங்க. 230 வோல்ட் மறுபக்கம் 7,000 தாண்டும், உயிருக்கே ஆபத்து.

கேட்டவர்: நன்றிண்ணே. ரெண்டும் 0.2தான் காட்டுது. ஸ்டீரியோவாவே கட்டிடறேன், நாலு வால்வு தேடணும்.

பதில் 1: ஸ்பீக்கர் மாட்டாம மட்டும் ஆன் பண்ணாதீங்க தம்பி, சுருள் இன்சுலேஷன் போயிடும்.