மறு: பெயின்ட் ஃபில்லிங்குக்குத் தமிழ்ச் சொல் - "மையாட்டு" பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> "எழுத்து மீட்பு" போதாதா? கேட்டதும் புரிகிறதே.

புரிகிறது ஐயா. ஆனால் அது நோக்கத்தைத்தான் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினாலும் எழுத்து மீட்புதான், தூரிகையால் மேலே எழுதினாலும் எழுத்து மீட்புதான். நான் பெயர் தேடுவது ஒரே ஒரு கைவேலைக்கு: பள்ளமாக வெட்டிய எழுத்தில் நிறம் போய்விட்டால் மறுபடி பெயின்ட் அடைப்பது, அதாவது பெயின்ட் ஃபில்லிங்.

எங்கள் பழைய மோரிஸ் மைனர் காரின் டேஷ்போர்டுக் குமிழ்களில் எழுத்தைப் பள்ளமாக வெட்டி, அதில் வெள்ளை பெயின்ட் அடைத்திருக்கிறார்கள். சோக்குக்கு (குளிரில் எஞ்சின் கிளம்ப இழுக்கும் குமிழ்) 'சி', ஸ்டார்ட்டருக்கு 'எஸ்'. 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, ஏற்காட்டுப் பனியில் காலையில் சோக்கை இழுக்காமல் வண்டி உயிர் பெறாது. அதனால் முதலில் போனது 'சி'. பள்ளம் அப்படியே இருக்கிறது, நிறம்தான் இல்லை. கண்ணுக்குத் தெரியாத எழுத்து விரலுக்குத் தெரிகிறது.

வேலை இதுதான். பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு பள்ளத்தில் இறுகிய அழுக்கை எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் பழைய பெயின்டைப் பல்குச்சியால் நெம்பலாம், ஊசி வேண்டாம், விளிம்பு சிதறிவிடும். பிறகு எனாமல் பெயின்டைப் பள்ளம் நிரம்பி வழியத் தடவி, சற்று இறுகவிட்டு, மேலே படிந்ததை மட்டும் துடைக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மெத்தென்ற பஞ்சு பள்ளத்துக்குள் இறங்கி உள்ளே இருக்கும் பெயின்டையும் உறிஞ்சிவிடும். ஒரு விசிட்டிங் கார்டில் துணியை இறுக்கிச் சுற்றி, டர்பன்டைன் துளி காட்டித் தட்டையாக இழுத்தால் எழுத்து மட்டும் நிற்கும். தின்னர் பக்கமே போகாதீர்கள், பல பிளாஸ்டிக்குகளை அது கரைத்துவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கேட்டுப் பார்த்தேன். செதுக்கிய பூவில் நிறம் அடைப்பதை "மீனா போடுறது" என்றார்கள். அழகான சொல். ஆனால் மரபான மீனா, சூளையில் உருகிப் பிடிக்கும் கண்ணாடிப் பொடி. நம்முடையதில் சூடே இல்லை. பாத்திரக் கடையில் "பேர் வெட்டுறது" வெட்டுவதோடு முடிந்துவிடுகிறது, நிறம் கிடையாது.

அப்புறம்தான் ஓலைச்சுவடி நினைவுக்கு வந்தது. எழுத்தாணி ஓலையில் கீறத்தான் செய்யும், நிறம் தராது. கரியை எண்ணெயில் குழைத்து ஓலை முழுக்கத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் மை தங்கும். நம் குமிழில் நடப்பது அச்சு அசலாக இதே வேலை! இதற்கு மையாடல் என்றே பெயர் இருந்திருக்கிறது.

> மையாடல் என்பது ஏடு தொடக்கும் சடங்கு அல்லவா? மேலும் மை கருப்பு, உங்கள் பெயின்ட் வெள்ளை.

சடங்குக்கும் அந்தப் பெயர் உண்டு அம்மா, மறுக்கவில்லை. ஆனால் மங்கிய சுவடிகளுக்கு இன்றும் புல்தைலத்தில் (வாசனைப் புல்லின் எண்ணெய்) கரியைக் கலந்து மறுபடி மை ஏற்றுகிறார்கள். ஆக, முதல் தடவைக்கு மட்டுமான வேலை அல்ல. நிறத்தைப் பொறுத்தவரை சிவப்பு மை, பச்சை மை என்று நாமே சொல்கிறோமே.

எனக்கு உறுத்துவது வேறு. 'ஆடல்' தன்வினை. குமிழ் தானே மையாடாது, நாம்தான் செய்கிறோம். நீராடல், நீராட்டு என்று இருப்பதுபோல மையாடல், மையாட்டு. மஞ்சள் நீராட்டு தெரிந்த எந்த வீட்டிலும் இந்தச் சொல் அந்நியமாக ஒலிக்காது. "சோக் குமிழை மையாட்டினேன்", "மையாட்டிய எழுத்து" என்று வினையாகவும் அடையாகவும் தடங்கலின்றி வருகிறது. முன்னால் 'மறு' மட்டும் சேர்க்க வேண்டாம், 'மறுமை' என்று கண் பிரித்துப் படித்துவிடும்.

மையாட்டு வெட்டெழுத்துக்கு மட்டும். எச்சரிக்கை விளக்கின் கண்ணாடி மேலே அச்சிட்ட எழுத்தில் பள்ளமே கிடையாது. அங்கே தாளிலிருந்து தேய்த்து இறக்கும் எழுத்துதான் வழி. அதற்கு "ஒற்றெழுத்து" என்று எழுதியிருந்தீர்கள். இலக்கணத்தில் புள்ளி வைத்த எழுத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, மோதும். "தேய்ப்பெழுத்து" என்றால் தேய்ந்துபோன எழுத்து என்று படிக்க இடமிருக்கிறது. "இறக்கெழுத்து" என்று ஒன்று தோன்றுகிறது, மனம் முழுதாக ஒப்பவில்லை. இதற்கு உங்கள் சொற்களை அனுப்புங்கள். நாளை 'எஸ்' குமிழை மையாட்ட எடுக்கிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து