அம்மாவைக் காது மெஷின் போட வைப்பது எப்படி?

வணக்கம், ஒரு உதவி வேண்டும். அம்மாவுக்கு 63 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, இப்போது காதும் சரியாகக் கேட்பதில்லை. பாட்டி கடைசிக் காலத்தில் எங்கள் யாரையுமே அடையாளம் தெரியாமல்தான் போய்ச் சேர்ந்தார், அதனால் எனக்குப் பயம் அதிகம். லான்செட் மருத்துவ இதழின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்தால் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது: சின்ன வயதில் படிப்பு குறைவது, நடுவயதில் காது கேளாமை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, அப்புறம் வயதான பின் தனிமை, இப்படி. ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மாவின் படிப்பை இனி என்ன செய்ய, ஆனால் காதைக் கவனிக்கலாமே! கேட்காததால் கல்யாண வீடுகளுக்குக்கூடப் போவதில்லை, பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவதும் நின்றுவிட்டது, அதுதான் மனசை அறுக்கிறது.

வாங்கிய மெஷின் பீரோவில் கிடக்கிறது. "ஒரே இரைச்சலா இருக்கு, கழட்டு" என்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களை எப்படிப் பழக்கினீர்கள்? தினம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் மட்டும் என்று ஆரம்பித்தால் சரிவருமா, இல்லை சத்த அளவை மறுபடி போய் மாற்றி வைக்கச் சொல்ல வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.