காப்பர் பைப்புக்குப் பிரஸ் டூல் தேர்வு: உங்களுக்கு நடந்தது என்ன?

சுவரோரம்

பிரஸ் டூல், அதாவது பிட்டிங்கைப் பைப்போடு அழுத்தி இணைக்கும் மெஷின் என்றாலே, அழுத்தும் விசை எத்தனை கிலோநியூட்டன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கோ ஒரு பாய்லர் அறைதான் ஞாபகம் வருகிறது. ஒப்பந்தக்காரர் கொடுத்தது 32 கிலோநியூட்டன் பெரிய மெஷின், 54 மி.மீ. வரை ஜாவிலேயே (பிட்டிங்கைக் கவ்வி அழுத்தும் தாடை) அடிக்கும். வேலையெல்லாம் முடிந்து கடைசியாக ஒரே ஒரு 22 மி.மீ. எல்போ (வளைவு பிட்டிங்), சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி. ஜாவைத் திறந்தால் பின்பக்கத் தாடை சுவரில் இடிக்கிறது. எந்தக் கோணத்தில் திருப்பினாலும் மெஷினின் உடம்பு பக்கத்து பைப்பில் முட்டுகிறது. கடைசியில் கிளிப்பைக் கழற்றி, உதவியாள் பைப்பை முன்னால் இழுத்துப் பிடிக்க, நான் அடித்தேன். அவர் கையை எடுத்ததும் பைப் 'டக்' என்று சுவரை நோக்கித் திரும்பியது. பிரஷர் டெஸ்டில் சொட்டு இல்லை. ஆனால் அந்த ஜாயின்ட் இழுபட்ட நிலையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். இன்னும் அந்த 'டக்' காதில் இருக்கிறது.

ஈரக்குழாய்

என்னுடையது நல்ல அனுபவம். பழைய கட்டடம், மெயின் வால்வு முழுசாக மூடவில்லை, பைப்பில் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. சாலிடர் வைக்க வழியே இல்லை. கேஸ் டார்ச் காட்டுகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். பிரஸ் பால் வால்வு ஒன்றைத் திறந்த நிலையிலேயே பைப்பில் செருகினேன். தண்ணீர் வால்வு வழியாகவே கொட்டுகிறது, சட்டைக் கை முழுக்க நனைகிறது, மெஷின் பாட்டுக்கு அழுத்தி முடித்து விளக்கு காட்டியது. கைப்பிடியைத் திருப்பினேன், தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு டார்ச்சை வண்டியிலிருந்து இறக்குவதே குறைந்துபோனது. எந்த மெஷின் வாங்கினால் என்ன, ஒன்று வாங்குங்கள்.

ஜா_பெட்டி

சுவரோரம் அண்ணே, குறை மெஷினில் இல்லை, அந்த வேலைக்கு அந்த மெஷினைக் கொடுத்ததில்தான். 22, 28 மி.மீ. தான் அதிகம் என்றால் காம்பாக்ட் மெஷினே போதும். மில்வாக்கியின் எம்12, ரிட்ஜிட்டின் காம்பாக்ட் வகை இரண்டும் காப்பரில் ஒன்றேகால் அங்குலம் வரை அடிக்கும். எடையும் கம்மி, தலையும் சின்னது. தலைக்கு மேலே கை தூக்கி அடிக்கும்போது அந்த எடை வித்தியாசம் தோளுக்குத் தெரியும். பெரிய மெஷினே வேண்டும் என்றால் ரிங்கும், அதை மெஷினோடு இணைத்து இறுக்கும் ஆக்சுவேட்டரும் சேர்த்து வாங்க வேண்டும். ரிங்கைப் பைப்பைச் சுற்றி மாட்டிவிட்டு, மெஷினைக் கோணம் மாற்றிப் பிடிக்கலாம். இரண்டரை அங்குலத்துக்கு மேல் போனால் எப்படியும் ரிங் இல்லாமல் முடியாது.

என் கதை சின்னது. ஒரு ஆள் காம்பாக்ட் மெஷினோடு வந்து நின்றார், முன்னால் 54 மி.மீ. லைன். மெஷினையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தை மறக்க முடியாது.

புரொபைல் பார்

இங்கே எல்லோரும் அளவையும் எடையையும் பேசுகிறீர்கள், ஜாவின் வடிவத்தை யாரும் பேசவில்லையே! அந்த வடிவத்துக்குப் புரொபைல் என்று பெயர்; எம், வி என்று வகை உண்டு. ஒரு தளத்தில் வாடகை மெஷினோடு வந்த ஜா எம் புரொபைல். பிட்டிங்கோ வி. பிட்டிங்கோடு வந்த தாளில் வி என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. நான் போவதற்குள் ஒரு வரிசை எல்போ அடித்து முடித்துவிட்டார்கள். வி என்றால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்கார்ந்திருக்கும் புடைப்பின் இரண்டு பக்கமும் அழுத்தம் விழ வேண்டும். ஒரு பக்கத்துத் தடம் இருக்கிறது, மறுபக்கம் வழவழவென்று அப்படியே இருக்கிறது. விரலால் தடவிக் காட்டினேன். சூப்பர்வைசர் பிரஷர் கேஜைக் காட்டி, "முள் இறங்கலையே சார்" என்றார். மறுநாள் பூச்சு வேலை முடிந்துவிட்டது. அந்தச் சுவருக்குள் அது இப்போது எப்படி இருக்கிறதோ.

இன்னொன்று. அங்குல ஜாவையும் மில்லிமீட்டர் ஜாவையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். அரை அங்குலக் காப்பரின் வெளிவிட்டம் 15.9 மி.மீ.; 15 மி.மீ. பிட்டிங் அதில் ஏறவே ஏறாது, அதனால் அங்கே ஏமாற மாட்டீர்கள். ஆபத்து முக்கால் அங்குலத்தில்தான். வெளிவிட்டம் 22.2, பக்கத்திலேயே 22 நிற்கிறது. ஒரு அங்குலம் 28.6, பக்கத்தில் 28. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். மெஷினின் பச்சை விளக்கை நம்பாதீர்கள். அது சுழற்சி முடிந்தது என்று மட்டும்தான் சொல்லும், சரியான ஜா போட்டீர்களா என்று சொல்லாது. ஜாவின் உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், காப்பர் துகள் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஓ-ரிங்கையும் பாருங்கள்: தண்ணீருக்கு இபிடிஎம் ரப்பர் சரி, எண்ணெய்க்கு அது ஆகாது, சோலார் போன்ற அதிக சூட்டுக்கு எஃப்கேஎம் என்ற வகை ரப்பர். பக்கத்தில் சாலிடர் வேலை இருந்தால் முதலில் அதை முடித்து ஆறவிட்டு, பிறகு பிரஸ். யாரும் கேட்கவில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரீமர்

ஈரக்குழாய் சொன்ன "எந்த மெஷின் என்றால் என்ன" என்பதை ஏற்க மாட்டேன். ஆனால் என் சண்டை மெஷினோடு இல்லை. ஈரம் இருந்தால் பரவாயில்லை, பர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் கூர்மையான பிசிர்) இருந்தால்? சொட்டிய ஒரு டீ பிட்டிங்கை (மூன்று வழி இணைப்பு) அறுத்து எடுத்தோம். உள்ளே ஓ-ரிங்கில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு சீவப்பட்டிருந்தது. பைப்பை வெட்டியவர் விளிம்பைத் தேய்க்காமல் அப்படியே திணித்திருக்கிறார். அழுத்தாமல் விட்ட ஜாயின்ட்டை டெஸ்டில் வேண்டுமென்றே கசியவைத்துக் காட்டிக்கொடுக்கும் பிட்டிங்குகள் இருக்கின்றன, வீகா கம்பெனி பிட்டிங்கில் அப்படி உண்டு. வெட்டுப்பட்ட ஓ-ரிங் அப்படிக் காட்டிக்கொடுக்காது. டெஸ்டில் தாங்கிவிட்டு, பிறகு சொட்டும். அந்த டீயில் செருகும் ஆழத்துக்கான மார்க்கர் கோடுகூட இல்லை.

ஈரக்குழாய்

ரீமர் சார், தேய்க்காமல் செருகுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? வால்வு இப்போதும் அங்கேதான் இருக்கிறது, சொட்டவில்லை.

புது_ஆள்

எல்லாம் படித்துத் தலை சுற்றுகிறது. ஒரே ஒரு வீட்டு வேலைக்கு வாடகைக்கு எடுத்தால் போதாதா?

ஜா_பெட்டி

போதும் தம்பி. முதலில் பிட்டிங்கை முடிவு செய், பிறகு மெஷின். எடுக்கும்போது ஜாவின் மேல் பொறித்திருக்கும் அளவையும் புரொபைலையும் நீயே படித்துப் பார். கடைசியாக எப்போது காலிபரேஷன் (அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை) ஆனது என்று கேள். சில மெஷின்கள் குறிப்பிட்ட எண்ணிக்கை அடித்ததும் சர்வீஸ் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், அது உன் கையில் இருக்கும்போது நடக்க வேண்டாம். சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொண்டு போ.