ஸ்டிக்கர் பின்னால், சைக்கிள் பக்கத்தில்: யார் படித்தது?

சங்கிலிமுடிச்சு
பக்கத்து இழையில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "லண்டன்ல லாரிக்குப் பின்னாடி எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்கு. அதுக்கப்புறமும் இடப்பக்கம் போய் அடிபட்டா, அது சைக்கிள்காரன் பொறுப்பு." கீழே ஒரே கைதட்டல்.

ஐயா, ஒரே ஒரு கேள்வி. ஸ்டிக்கர் இருப்பது வண்டியின் பின்புறம், இடது மூலையில். லாரி சைக்கிளை முந்திக்கொண்டு போய், முழுதாகத் தாண்டுவதற்குள் இடது பக்கம் ஒடிக்கிறது. அப்போது சைக்கிள்காரர் லாரியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறார். பின்னால் ஒட்டியதை அவர் எப்போது படித்தார்?

வன்னி லொறி
தம்பி, கேள்வி கேக்க முதல் லண்டன் ரோட்டை ஒருக்காப் பாரும். முந்திப்போய்த் திரும்பிறது ஒரு வகை. மற்ற வகை, சிக்னலில லொறி நிக்கேக்க பேவ்மென்ற்றுக்கும் லொறிக்கும் இடையால சைக்கிள் ஊர்ந்து முன்னுக்கு வாறது. அவை பின்னால இருந்துதான் வருகினம். ஸ்டிக்கரும் பின்னாலதான் கிடக்கு.

இன்னொண்டு. நீளமான ஆர்ட்டிக், அதான் கபினுக்குப் பின்னால ட்ரெய்லர் மடங்கித் திரும்பிற லொறி, இடப்பக்கம் திரும்ப முதல் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். ஒதுங்காட்டில் ட்ரெய்லரின்ர பின் சில்லு பேவ்மென்ற்றில ஏறும். அதைப் பாத்து "வழி விட்டிட்டான்" எண்டு உள்ளுக்கை வந்தால்? கபின் மடங்கின உடன இடக் கண்ணாடி முழுக்க ட்ரெய்லரின்ர பக்கம்தான் தெரியும். ட்ரைவர் என்ன தெய்வமோ?

சங்கிலிமுடிச்சு
அந்த இடுக்குக்குள் அவர்களைக் கூப்பிட்டதே சாலைதான், அண்ணே. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென்று ஒரு பெட்டி வரைந்திருக்கிறார்கள்; பிரிட்டனின் 2016 சாலைக் குறியீட்டு விதிகளின்படி அதன் ஆழம் 7.5 மீட்டர் வரை போகலாம். அந்தப் பெட்டிக்குப் போகப் பல இடங்களில் இடது ஓரமாகத்தான் ஒடுக்கமான தடம். தரையில் பெயின்ட் "வா" என்கிறது, லாரியில் வினைல் "வராதே" என்கிறது.

கண்ணாடிக்கு வருவோம். லாரிக் கண்ணாடிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக் கண்ணாடி இடக் கதவை ஒட்டி 2 மீட்டர் அகலத்துக்கு, ஓட்டுநரின் கண்ணுக்கு நேரிலிருந்து முன்னால் 1 மீட்டர், பின்னால் 1.75 மீட்டர் தரையைக் காட்ட வேண்டும். ஆறாம் வகுப்பு, கபின் மூக்குக்கு முன்னால் 2 மீட்டர். கோணம் தப்பினால் கதவோ வேறெதுவோதான் தெரியும். அந்தப் பரப்பின் மூலைகளில் நாலு கூம்பை வைத்து, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இன்னொருவர் வெளியே நின்று திருப்பினால் ஆயிற்று. அதைச் செய்யாதவன் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் கடமை முடிந்துவிடுமா?

முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. முந்தப்பட்டவர் எப்போது படித்தார்?

மயிலை மிதி
நம்ம ஊர் லாரியில 'சவுண்ட் ஹாரன்'னு எழுதி, சத்தம் போடுற பொறுப்பையும் பின்னாடி வர்றவன் தலையில கட்டிட்டாங்க. அதே குடும்பம்தான் இது. இருந்தாலும் முடிச்சு சார், ராத்திரி பின் விளக்கு இல்லாம கறுப்புச் சட்டையில வர்ற ஆளுக்கும் சேர்த்து வக்காலத்து வாங்குறீங்களே?

சங்கிலிமுடிச்சு
விளக்கைப் பற்றி யார் பேசினார்? ஹெல்மெட் இழையிலும் இப்படித்தான் குறுக்கே ஒரு விளக்கைக் கொளுத்திவிட்டு மூன்று நாள் காணாமல் போனீர்கள்.

சொல்லாய்வன்
ஓட்டுநருக்குத் தெரியாத இடத்தை எல்லாரும் 'குருட்டுப் புள்ளி' (பிளைண்ட் ஸ்பாட்) என்று எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். குருட்டுப் புள்ளி என்பது கண்ணுக்குள், பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடம். லாரிக்கு இருப்பது புள்ளி அல்ல, பரப்பு. 'மறைபரப்பு' என்பதே சரி.

வன்னி லொறி
இஞ்ச ஒருத்தரும் அந்தச் சொல்லை எழுதவே இல்லை. எழுதாததுக்கும் திருத்தம். வாழ்க தமிழ்.

நெம்புகோல்
ஒரு சின்ன வேண்டுகோள். 'பொறுப்பு' என்றால் சட்டப் பொறுப்பா, விபத்தைத் தவிர்க்கும் நடைமுறைப் பொறுப்பா? அதை முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மயிலை மிதி
வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க.

வன்னி லொறி
பின்பக்கம் பின்பக்கம் எண்டு பாடுற தம்பிக்கு: பிரான்ஸைப் பாரும். 2021 ஜனவரியில இருந்து 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறி, பஸ் எல்லாத்திலையும் மறைவிட ஸ்டிக்கர் கட்டாயம். பின்னுக்கு வலப்பக்கம் ஒண்டு, ரெண்டு பக்கவாட்டிலையும் முன்னால இருந்து முதல் ஒரு மீற்றருக்குள்ள ஒவ்வொண்டு. நிலத்தில இருந்து 0.90 மீற்றருக்கும் 1.50 மீற்றருக்கும் இடையில இருக்கவேணும், கண்ணாடியில ஒட்டக்கூடாது. இல்லாட்டில் தண்டம் 135 யூரோ. கடல் தாண்டி பிரான்ஸின்ர கலே துறைமுகத்துக்குப் போற பிரித்தானிய லொறிக்கும் இதே சட்டம்தான். இப்ப பக்கத்திலையும் இருக்கு. என்ன சொல்லுறியள்?

சங்கிலிமுடிச்சு
நன்றாகச் சொன்னீர்கள், என் கட்சிக்கே சாட்சி. முன்னாலிருந்து முதல் ஒரு மீட்டர் என்றால் எந்த இடம்? கபின் கதவடி. லாரி திரும்பும்போது முதலில் அடிக்கும் மூலை. ஸ்டிக்கரின் அளவு 17-க்கு 25 சென்டிமீட்டர். பலகை எழுதுகிறவர்கள் கணக்கில் ஓர் அங்குல எழுத்தை வசதியாகப் படிக்க 10 அடிக்குள் வர வேண்டும். ஆக, அதைப் படித்து முடிக்கிற இடமே நசுங்குகிற இடம்.

லண்டன் கதையையும் முழுசாகச் சொல்லுங்கள். லண்டன் போக்குவரத்து அமைப்பு முதலில் அச்சடித்தது 'சைக்ளிஸ்ட்ஸ் ஸ்டே பேக்', அதாவது 'சைக்கிள்காரர்களே, பின்னால் நில்லுங்கள்'. கட்டளை! அதையும் லாரியோடு நிறுத்தவில்லை. வேன், பஸ், டாக்சி என்று கண்டதிலும் ஒட்டினார்கள். டாக்சியில் என்ன மறைவு? சைக்கிள் அமைப்புகள் சேர்ந்து எதிர்த்த பிறகு, 2014-ல் வாசகத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். லாரிக்கு வந்தது 'பிளைண்ட் ஸ்பாட், டேக் கேர்', அதாவது 'மறைவிடம், கவனம்'. கட்டளை எச்சரிக்கையாக இறங்கியது. பக்கத்து இழைத் தீர்ப்பாளர் இன்னும் பழைய ஸ்டிக்கரையே படித்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லாய்வன்
கவனித்தீர்களா, அங்கேயும் 'ஸ்பாட்' என்றே தவறாக எழுதியிருக்கிறார்கள்.

நெம்புகோல்
சட்டப் பொறுப்பு என்றே வைத்துக்கொண்டால்: இங்கிலாந்தில் 1945-ஆம் ஆண்டின் பங்களிப்புக் கவனக்குறைவுச் சட்டப்படி, அடிபட்டவர் மேலும் தவறு இருந்தால் நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைக்கலாம். பார்க்கப்படுவது அவர் நடந்துகொண்ட விதம். ஸ்டிக்கர் ஒட்டியதால் மட்டும் ஓட்டுநர் தப்ப முடியாது. வண்டிக்குள் ஏறும் பயணிக்குக்கூட "உன் பொறுப்பில் ஏறு" என்று எழுதிப்போட்டுக் கைகழுவ முடியாது. 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. பயணிக்கே இப்படியென்றால், வெளியே போகிறவருக்கு?

வன்னி லொறி
சட்டம் படிச்சவை நெடுஞ்சாலைக் கோவையையும், அதான் பிரித்தானிய ரோட்டு விதிப் புத்தகத்தையும் படிக்கலாம். பெரிய வண்டிக்குப் பின்னால போனால் ட்ரைவருக்குக் கண்ணாடியில தெரியாமல் போகலாம், அதுக்குத் திரும்ப இடம் வேணுமெண்டால் நிண்டு காத்திரு எண்டு 221-ஆம் விதியில கிடக்கு. அது ஆருக்கு எழுதினது? மாட்டுக்கோ?

சங்கிலிமுடிச்சு
அதே கோவையின் 182-ஆம் விதி: இடது திரும்புவதற்குச் சற்று முன்னால் முந்தாதே. 2022 ஜனவரி 29-லிருந்து எச்3 என்ற புது விதி வேறு: திரும்பும்போது நேரே போகிற சைக்கிளின் குறுக்கே வெட்டாதே. அதே நாளில் வந்த எச்1, அதிகத் தீங்கு செய்யக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்கிறது. உங்களுக்கு ஒரு விதி, எனக்கு மூன்று.

மயிலை மிதி
ஸ்கோர் 3-1. சோடா குடுங்கப்பா.

வன்னி லொறி
விதி எண்ணி விளையாட இது கரம் போர்ட் இல்லை. 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறி லண்டனுக்குள்ள வர பெர்மிற் வேணும். 2024 ஒக்டோபர் 28-இல் இருந்து நேரடிப் பார்வைக்கு, அதான் ட்ரைவர் கண்ணாடி, கமரா இல்லாமல் கபின் ஜன்னலால எவ்வளவு பாக்கலாம் எண்டதுக்கு, மூண்டு நட்சத்திரம் வேணும். இல்லாட்டில் கமரா, இடப்பக்க சென்சர், முன்பக்க சென்சர், திரும்பேக்க கத்திற அலாரம், பக்கத் தடுப்பு எல்லாம் பூட்டவேணும். சென்சர் விளக்குக் கம்பத்துக்கும் நிப்பாட்டின காருக்கும் கத்தக்கூடாது. கத்தினால் ட்ரைவர் ரெண்டு நாளில அதைக் காதிலயே எடுக்கமாட்டான். பெர்மிற் இல்லாமல் வந்தால் தண்டம் 550 பவுண். இதே பட்டியலில ஸ்டிக்கரும் கிடக்கு! ஸ்டிக்கர் சும்மா எண்டால் அவை ஏன் கேக்கினம்?

சங்கிலிமுடிச்சு
ஆக, ஓட்டுகிற பக்கம் இத்தனை சாமான் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பு யார் பக்கம் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். பக்கத் தடுப்பையே எடுங்கள்: கீழ் விளிம்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்குள், கம்பிகளுக்கு நடுவே 300-க்குள். ஆள் சக்கரத்தடிக்குப் போகாமல் நிஜமாகவே தடுப்பது அதுதான். டிப்பர் போன்ற கட்டுமான லாரிகள் அதிலிருந்து விலக்கு வாங்கித் திரிந்தன. 2015 செப்டம்பரில்தான் லண்டன் அந்தக் கதவைச் சாத்தியது. ஸ்டிக்கரோ, சேறு படிந்தால் அதோடு சரி.

வன்னி லொறி
சேறு படியாமல் கழுவத் தெரியவேணும். ஒட்டேக்க அல்ககோலால துடைச்சு, குளிர் 10 பாகைக்குக் கீழ போகாமல் பாத்து ஒட்டினால் நிக்கும். பிரஷர் வோஷரை விளிம்பில பிடிச்சால் உரியும். திரைச்சீலை லொறியில சீலையில ஒட்டினால் மடிப்பில வெடிக்கும், இரும்புச் சட்டத்திலதான் ஒட்டவேணும். தெரியாட்டில் கேளும், சொல்லித்தாறன்.

சங்கிலிமுடிச்சு
ஒட்டும் பாடத்துக்கு நன்றி. நான் கேட்டது படிக்கும் பாடம். மூன்றாவது முறையாக: முந்தப்பட்டவர் எப்போது படித்தார்?

சொல்லாய்வன்
'மறைபரப்பு' சொல்லுக்குத் தனி இழையில் வாக்கெடுப்பு தொடங்கியிருக்கிறேன். 'சில்லு', 'சக்கரம்' இரண்டையும் அங்கேயே பேசித் தீர்க்கலாம்.

வன்னி லொறி
சில்லில கை வைச்சால் நடக்கிறது வேற. முடிச்சுத் தம்பிக்கு மூண்டாவது முறையும் அதே பதில்தான்: சிக்னலில நிக்கேக்க.